வயர் கூடையும் உதிரிப்பூவும்: ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்பதால் காலை 9 மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் மூட இரவு 8 ஆகிவிடும். அதற்கப்புறம் மொபைல். தலைக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது, தூக்கமும் சரியில்லை. கைவேலை செய்தால் மனசு இளகும் என்று தோழி சொன்னதால் ஆன்லைனில் ஒரு குரோஷா செட் வாங்கினேன். வீடியோவைப் பத்து நொடிக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்த்துப் போட்டேன். மொபைலை விட்டு விலகத்தான் அதை வாங்கினேன், ஆனால் மொபைல் இல்லாமல் ஒரு கண்ணிகூடப் போட முடியவில்லை. மற்றவர்கள் செய்து போட்டிருக்கும் படங்களைப் பார்த்தபிறகு என்னுடையதை எடுக்கவே பிடிக்கவில்லை. இப்போது அது பீரோவில் இருக்கிறது. கைவேலை வராதவர்களுக்கு என்ன வழி?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

"கைவேலை வராதவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் எடுத்துப்போடுங்கள். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. 18 முதல் 59 வயது வரையிலான 39 பேரிடம் களிமண், மார்க்கர் பேனா, ஒட்டுவேலைக்கான காகிதம் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் என்ற, மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோனை அளந்து பார்த்ததில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. ஏற்கெனவே கலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் வைக்கவில்லை, அதனால் இதை மட்டும் வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் நன்றாக வந்தால்தான் மனசு ஆறும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தேவையில்லை என்று சொல்ல எனக்கு இது போதும்.

உங்கள் கையில் குறை இல்லை. கற்றுக்கொண்ட விதத்தில்தான் சிக்கல். வீடியோவில் ஒரு கை வேகமாக ஓடுகிறது, நீங்கள் நிறுத்துகிறீர்கள், பின்னால் தள்ளுகிறீர்கள், மறுபடி பார்க்கிறீர்கள். பகலெல்லாம் டெஸ்டிங்கில் செய்ததையேதான் ராத்திரியும் செய்திருக்கிறீர்கள். எங்கே தப்பு என்று திரையில் தேடுகிற வேலை. தலை எப்படி ஆறும்?

எனக்கு வயர் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தது எங்கள் எதிர்வீட்டு அத்தை. அப்பா போனதற்கு அடுத்த மாதங்களில் எனக்கு எழுத முடியவில்லை, படிக்க முடியவில்லை, ராத்திரி இரண்டு மணிவரை போனைத் தேய்த்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் சாயங்காலம் அத்தை ஒரு கட்டு பச்சை வயரோடு வந்து, "சும்மாதானே இருக்கே, இதை நான் சொல்ற நீளத்துக்கு வெட்டிக் குடு" என்றார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் முடிச்சு. என் விரலைப் பிடித்து, இப்படி மடி, இந்த வளையத்துக்குள்ளே விடு, நாலு பக்கமும் சேர்த்து இழு, அவ்வளவுதான். நாலைந்து முடிச்சு கோணலாக வந்தது. அவரே பிரித்து, மறுபடி என் கையில் கொடுத்தார்.

பிரிக்க முடியும் என்பதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது. வயர் கிழியாது, அழுக்காகாது, தப்பாகப் போட்ட முடிச்சை நகத்தால் நெம்பித் தளர்த்தினால் அதே வயரில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். முதலில் அடிப்பகுதி, வரிசை வரிசையாக. அப்புறம் வயர்களை மேலே திருப்பி, சுற்றிலும் ஓடுகிற நீள வயரைச் சேர்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். ஒரே முடிச்சுதான், நூற்றுக்கணக்கில். எண்ணிக்கை மட்டும் தவறக் கூடாது, ஒன்று விட்டுப்போனால் அடுத்த சுற்றில் நிறம் தள்ளிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மனசு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணுகிற நேரத்தில் நாளைக்கு மேனேஜர் என்ன கேட்பார் என்று நினைக்க இடம் இருக்காது. அதே சமயம், ஒரு வாரம் போட்டபிறகு, கண்ணை மூடினாலும் விரல் அதுவாகவே மடிக்கும், இழுக்கும். தலைக்குக் கொஞ்சம் வேலை, கைக்கு நிறைய வேலை. உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த அளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கைவேலை வழியாக நோயாளிகளைத் தேற்றும் தொழில்வழி சிகிச்சைக்கென்று 1917இல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் உடம்பும் மனசும் நொந்து திரும்பிய சிப்பாய்களுக்குக் கூடை பின்னவும் நெய்யவும் சொல்லிக்கொடுத்தார்கள். அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் நொந்து கிடக்கிறவளிடம் பேசுவதைவிட அவள் கையில் ஒரு வயரைக் கொடுப்பது நல்லது என்று தெரிந்திருந்தது.

உங்களுக்குச் சொல்வது இதுதான். குடியிருப்பில், பக்கத்துத் தெருவில், உறவில் யாராவது கூடை பின்னுகிறவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் இது இன்னும் அழிந்துபோகவில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபிறகு காய்கறிக் கடைகளில் வயர் கூடைகளை நானே மறுபடி நிறையப் பார்க்கிறேன். (வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் என் முதல் கூடை இன்னும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது.) எதிரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். முதல் கூடை சின்னதாக, ஒரே நிறத்தில், சாதா முடிச்சில் போதும். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்செல்லாம் அப்புறம். விரல் முதல் சில நாள் சிவந்து வலிக்கும், அரை மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். முடிக்கும்வரை படம் எடுக்க வேண்டாம், யாராவது "ஆர்டர் எடுக்கலாமே" என்று சொன்னால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆர்டர் வந்தால் கெடு வரும், கெடு வந்தால் உங்கள் ஆபீஸ் இந்த அறைக்குள்ளும் வந்துவிடும்.

கூடைக்கெல்லாம் பொறுமை இல்லை என்று தோன்றுகிற நாளில் நூறு கிராம் உதிரி மல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழு. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர விட்டால் உதிர்ந்துவிடும், அந்த நடுவை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாசனை வேறு. முழம் கோணல்மாணலாக இருந்தால்தான் என்ன, சாமி படத்துக்குப் போட்டாலும் தலையில் வைத்தாலும் நாளைக்கு வாடிவிடும், யாரும் அதை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப்போவதில்லை. உங்கள் அம்மா கூட இருந்தால் அவரிடமே கேளுங்கள், அநேகமாக அவருக்குக் கட்டத் தெரிந்திருக்கும்.

தூக்கம் சரியில்லை என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், அதை நான் அப்படி விட மாட்டேன். அது வாரக்கணக்கில் தொடர்ந்தால், காலையில் எழும்போதே பாரமாக இருந்தால், கூடையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எனக்கும் அந்த வருஷம் அத்தையோடு ஒரு டாக்டரும் வேண்டியிருந்தது.

குரோஷா பீரோவிலேயே இருக்கட்டும், அதுவும் நல்ல வேலைதான். நேரில் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். கூடையில் மேல்வரிசை முடிந்து வயர் நுனிகளை உள்ளே சொருகும்போதும் கைப்பிடி போடும்போதும் எல்லோருக்கும் ஒரு தடுமாற்றம் வரும். அப்போது வீடியோ தேடாதீர்கள், சொல்லிக்கொடுத்தவர் வீட்டுக்குக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்து போங்கள்.