பிடுங்கிய நகம் மறுபடி குத்துகிறதே?

கேள்வி: என் கணவருக்கு வலது கால் பெருவிரல் நகம் சதைக்குள் குத்திச் சீழ் பிடித்ததால், ஒன்றரை வருஷத்துக்கு முன்பு முழு நகத்தையும் பிடுங்கினார்கள். புது நகமும் அதே ஓரத்தில் குத்துகிறது. குறுவை நடவு நெருங்குகிறது. மறுபடி பிடுங்கத்தான் வேண்டுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம். நகத்தைப் பிடுங்கினாலும் வேர் அப்படியேதான் இருக்கும். கால் பெருவிரல் நகம் முழுசாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். அதற்குள் நுனிச் சதை மேலெழும்பி, வருகிற நகத்தை மறித்துக்கொள்ளும்.

குத்துகிற ஓரத்தை மட்டும் எடுத்து, அந்த இடத்து வேரை ஃபீனால் என்கிற, திசுவைக் கருக்கும் மருந்து வைத்துக் கருக்கச் சொல்லிக் கேளுங்கள். விரலடியில் இருபுறமும் மரப்பு ஊசி போடுவார்கள். மருந்து இறங்கும்போது சுரீரென்று எரியும். வலி அந்த ஒன்றுதான். பிறகு விரலடியை ரப்பரால் இறுக்கி, 3, 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு நகத்தை நுனியிலிருந்து வேர்வரை நெடுக வெட்டி உருவுவார்கள். அந்தப் பள்ளத்தில், 80 சதவீதத்துக்குக் குறையாத ஃபீனாலைப் பஞ்சுக் குச்சியால் ஒரு நிமிடம்போல் அழுத்தித் தேய்க்க வேண்டும். ரத்தம் கசிந்தால் மருந்து நீர்த்து, வேர் பிழைத்துவிடும். ரப்பர் கட்டுவது அதற்காகத்தான். அதைக் கழற்ற மறந்தால் விரலே கறுத்துப்போகும். நுனி சிவந்த பிறகே கட்டுப் போட வேண்டும்.

இரண்டு முதல் நான்கு வாரம் நீர் கசியும். அது கருகிய புண்ணின் கசிவு. வலி கூடி, சிவப்பு பாதத்துக்குப் பரவினால்தான் பயப்பட வேண்டும். கசிவு நிற்கும்வரை சேற்றில் கால் வைக்கக் கூடாது. ஆகவே நடவுக்கு ஒரு மாதம் முன்போ, நடவு முடிந்தோ செய்துகொள்ளட்டும்.

அதுவரை வெதுவெதுப்பான உப்பு நீரில் தினமும் 15 நிமிடம் கால் வைத்து, ஊறிய நக ஓரத்தின் அடியில் மெல்லிய பஞ்சுத் திரியைச் செருகுங்கள். மூலையைத் தோண்டி வெட்டுவதுதான் பெரிய தப்பு. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நக முள் உள்ளே தங்கிவிடும். எலுமிச்சம்பழம் செருகினாலும் அந்த முள் வெளியே வராது.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இதே சிகிச்சை செய்யலாமா?
- வாசகர், குத்தாலம்

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் பாதத்தில் நாடித் துடிப்பையும் உணர்ச்சியையும் பார்க்க வேண்டும். துடிப்பு கிடைக்கவில்லை என்றால், ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் நகத்தில் கத்தரி வைக்க விடாதீர்கள்.