ஜிபிஎஸ் பாசிட்டிவ் என்று வந்தும் ஏன் மாத்திரை தரவில்லை?

கர்ப்பத்தின் 36-வது வாரத்தில் பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுத்து, ஜிபிஎஸ் பாசிட்டிவ் என்று வந்தும், 'பிரசவ நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று டாக்டர் அனுப்பிவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாராவது 'சுத்தபத்தமாக இருந்தால் இது வருமா?' என்றும் கேட்டிருப்பார்கள். என்னைக் கேட்டார்கள், இன்னும் ஆறவில்லை. ஜிபிஎஸ், அதாவது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் இருக்கும். தேய்த்துக் குளித்தால் போகாது.

டாக்டர் சொன்னது சரிதான். இப்போது மாத்திரை விழுங்கினாலும் பிரசவத்துக்குள் அது திரும்பி வந்துவிடும். கிருமி குழந்தைக்குத் தொற்றாமலிருக்க, வலி எடுத்த பிறகு, குழந்தை பிறக்கக் குறைந்தது 4 மணி நேரத்துக்கு முன்பே பென்சிலின் நரம்பு வழியாக ஏறத் தொடங்கினால்தான் நல்லது. சிறுநீரிலும் இதே கிருமி அதிகமாக வளர்ந்திருந்தால் மட்டும் உடனே மருந்து தருவார்கள்.

உங்களுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா? அதை நீங்கள் எழுதவில்லை. எனக்குச் சிறு வயதில் ஏதோ சிரப் குடித்து உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அன்றிலிருந்து எல்லாக் கோப்பிலும் 'பென்சிலின் ஒவ்வாமை'. ஆனால் ஸ்வாபோடு போன படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் காலி! ஆய்வகமும் 'பாசிட்டிவ்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. எந்த மருந்துக்கு இது அடங்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று விடாப்பிடியாக நின்றேன். பென்சிலினுக்கு மாற்றான எரித்ரோமைசினுக்கு நேராக 'ஆர்' என்று வந்தது, அதாவது கேட்காது. இன்னொரு மாற்றான கிளிண்டாமைசின் முதலில் தேறியது. இரண்டு மருந்து வில்லைகளையும் அருகருகே வைத்துக் கிருமியை வளர்த்தபோது, கிளிண்டாமைசினைச் சுற்றியிருந்த தெளிந்த வட்டம் எரித்ரோமைசின் பக்கம் சப்பையாகி, ஆங்கில 'D' எழுத்தாக நின்றதாம். அப்படியானால் அதையும் நம்ப முடியாது. பென்சிலினுக்கு இந்தக் கிருமி இன்றும் பெரும்பாலும் அடங்குகிறது; மாற்று மருந்துகளில்தான் சிக்கல். சிறு வயதில் தடித்த அன்று மூச்சுத்திணறலோ முகவீக்கமோ இருந்ததா என்று துருவி விசாரித்து, இல்லை என்றதும் செஃபசோலின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்கை ஏற்றினார்கள்.

'நீ என்ன டாக்டரா?' என்று பாய வருபவர்களுக்கு: இல்லை. மருந்து எழுதித் தரவில்லை, கேட்க வேண்டியதைத்தான் சொல்கிறேன். பிரிட்டனில் இந்தச் சோதனையை எல்லோருக்கும் செய்வதில்லை என்பதும் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. நிறைந்த காத்திருப்பு அறையில், 'கிருமி ரிப்போர்ட் யாருடையது?' என்று கவுண்டரில் இருந்தவர் கூவினார். சர்க்கரை ரிப்போர்ட்டை இப்படிக் கூவுவார்களா?

போகட்டும். நீங்கள் நாளையே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வாமைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.