வடக்கைத் தேடிய ஆறு வாரங்கள்

அன்புள்ள ஐயா,

நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இளங்கலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி. மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று, எட்டு வாரம் பெங்களூரில் இருந்தேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய படங்களில் சூரியப்புள்ளிகளின் (சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகள்) இடத்தை அளந்து, சூரியன் சுழலும் வேகத்தைக் கணக்கிடுவது எனக்குத் தரப்பட்ட வேலை. படங்களில் வடதிசையைச் சரிசெய்வதிலும், என் விடை ஏன் நாளொன்றுக்கு 1 பாகை குறைவாக வருகிறது என்று தேடுவதிலுமே ஆறு வாரங்கள் போய்விட்டன. பூமியின் நகர்வைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைப் பின்னர் நானே கண்டேன். இறுதியில் கிடைத்ததும் எல்லாருக்கும் தெரிந்த எண்தான். உடன் வந்த இருவரின் பெயர் ஆய்வுக்கட்டுரையில் வரப்போகிறது. எனக்கு ஆராய்ச்சி செய்யும் தகுதி இல்லையோ என்று தோன்றுகிறது. என் பிழையை அறிக்கையில் எழுதலாமா?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பிழையை அவசியம் எழுதுங்கள். எந்த வாரத்தில் ஐயம் வந்தது, முதலில் எவற்றையெல்லாம் சந்தேகித்தீர்கள், எதைக் கண்டு பூமியின் நினைவு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூமி ஒரு நாளில் தன் பாதையில் ஏறத்தாழ 1 பாகை நகர்கிறது; சூரியன் சுழலும் அதே திசையில் நாமும் செல்வதால், புள்ளிகள் அந்த அளவுக்கு மெதுவாக நகர்வதாக நமக்குத் தெரிகிறது. சூரியனின் நடுக்கோட்டில் சுமார் 25 நாளில் முடியும் ஒரு சுற்று, இங்கிருந்து பார்க்கையில் ஏறத்தாழ 27 நாளாக நீள்வது இதனால்தான். பாடநூலில் இது ஒற்றை வரி. நீங்களும் தேர்வில் எழுதியிருப்பீர்கள். அந்த 1 பாகையைத் தன் சொந்த எண்களுக்குள் சந்தித்து, எங்கிருந்து வந்தது என்று நாள்கணக்கில் தேடியவருக்கு அந்த வரி பிறகு மறக்காது.

நான் உங்கள் வயதில் இதுபோன்ற ஒரு கோடைப் பயிற்சியில் இருந்தபோது, கோட்டோடு சேராத நான்கு அளவுகளை வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை, வரைபடம் அழகாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார்கள். அந்த நான்கும் எதனால் விலகின என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த எண்ணோடு பொருந்தும்படி உங்கள் விடையைத் திருத்திக்கொள்ள உங்களுக்கும் வழி இருந்தது, நீங்கள் அதைச் செய்யவில்லை. தகுதி என்று நான் மதிப்பது இதைத்தான்.

வடதிசையைத் தேடிய வாரங்களை ஆராய்ச்சிக்கு முந்தைய எடுபிடி வேலைபோல எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது. கொடைக்கானலில் 1904 முதல் வானம் தெளிந்த நாள்களில் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரியப்புள்ளியின் விளிம்புப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அந்த மலையில்தான். வானின் வடக்கிலிருந்து சூரியனின் அச்சு ஆண்டு முழுவதும் இருபுறமும் மாறிமாறி 26 பாகை வரை சாய்ந்து தெரிவதால், எந்தப் புகைப்படத் தகட்டில் வடக்கு எங்கே என்று தெரியாமல் ஒரு புள்ளியின் அட்சத்தை, அதாவது அது சூரியனின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதை, சொல்ல முடியாது. சுமார் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தப் படத்தில், திசை 1 பாகை தவறினால் விளிம்பில் இருக்கும் புள்ளி ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் இடம் மாறிவிடும். சூரியனின் நடுப்பகுதி வேகமாகவும் துருவங்களை நோக்கிச் செல்லச்செல்ல மெதுவாகவும் சுழல்வதால், அட்சம் தவறினால் வேகத்தை எந்த அட்சத்துக்கு உரியதாகச் சொல்வது என்பதும் தவறிவிடும். ஆகவே நூறாண்டுக்கு மேலான அந்தச் சேமிப்பைப் பயன்படுத்தப்போகும் ஒவ்வொருவரும் நீங்கள் செய்த இந்த வேலையின் மேல்தான் நிற்க வேண்டும்.

கட்டுரையில் பெயர் வருவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எட்டு வாரத்தில் பெயர் வருகிறதென்றால், பெரும்பாலும் அந்த ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாகச் செய்த வேலை முடியும் தறுவாயில் இருந்திருக்கும். நண்பர்களுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு கோடையை நினைத்துக்கொள்கிறேன். 1928இல், ராமன் விளைவு கண்டறியப்பட்ட சில மாதங்களில், சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான 17 வயது சந்திரசேகர் (பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர்) கொல்கத்தாவில் தம் சிற்றப்பா ராமனின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். கருவிகளோடு செய்யும் வேலை அவருக்குரியதாக அமையவில்லை. அதே ஆண்டில் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டைச் சந்தித்து, புதிய குவாண்டம் இயற்பியலை அறிந்து, அதைத் தாமாகவே கற்று, மறு ஆண்டே ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். தமக்குரியது கோட்பாட்டு வேலை என்று அவர் தெளிவதில் அந்தக் கோடைக்கும் பங்கு இருந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன். உங்கள் கடிதம் எனக்கு இதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது: சலித்துக்கொண்டே எழுதினாலும், அளவீட்டைப் பற்றிய இடங்களில்தான் உங்கள் எழுத்தில் உயிர் இருக்கிறது.

நினைவு மங்குவதற்குள், இந்த மாதமே, வடதிசையைச் சரிசெய்த முறையைப் படிப்படியாக எழுதி உங்கள் வழிகாட்டிக்கு அனுப்புங்கள். அடுத்த கோடையில் அந்த மேசைக்கு வருபவரிடம் அதைக் கொடுக்கும்படி கேளுங்கள். எந்தெந்த நாள்களின் தகடுகள் கடைசிவரை ஒத்துவரவில்லையோ, அந்தத் தேதிகளையும் அதில் விடாமல் குறித்துவிடுங்கள்.