துருப்பிடித்த குத்துவாள்: வாங்கியவர்கள் கேட்கிறார்கள்

கேள்வி: பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். பழைய பொருள் கடையில் நெளிநெளியான குத்துவாள் ஒன்று வாங்கினேன். அலகு ஒரு சாண் இருக்கும், முழுக்கத் துரு. ‘கிரிஸ்’ என்று சொல்லி விற்றார்கள். அதுதானா?

பதில்: இல்லை. தெற்கு பிலிப்பைன்ஸின் முஸ்லிம்களான மோரோ மக்களின் கிரிஸ் என்பது போர்வாள். அலகே பெரும்பாலும் ஒன்றரை அடி வரும். உங்களிடம் இருப்பது அநேகமாக குனோங். மிண்டனாவோ தீவின் மகிந்தனாவோ, மரனாவோ மக்கள் இடுப்புத் துணியில் செருகிக்கொண்ட குத்துவாள் அது. இரண்டும் நெளிநெளியாக இருப்பதால் பெயரை மாற்றி விலையை ஏற்றிவிடுகிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அலகின் கனத்தைப் பாருங்கள். அடித்துச் செய்ததென்றால் பிடியருகே தடித்து, நுனிக்குப் போகப் போக மெலியும். கடைசிவரை ஒரே கனம் என்றால் தகட்டில் வெட்டியது, சுற்றுலாச் சரக்கு.

கேள்வி: ‘இரண்டாம் உலகப்போர் காலத்தது’ என்று சொன்ன குத்துவாளை இணையத்தில் வாங்கினேன். துரு ஆரஞ்சு நிறத்தில் கையெல்லாம் ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (சிங்கப்பூர்)

பதில்: அப்படித்தான் தெரிகிறது. உங்கள் மேல் தப்பில்லை, வயதைப் பொய்யாகச் சொன்னவர் மேல்தான் தப்பு. பழைய துரு கருத்து, திட்டுத்திட்டாக, இரும்பைக் குழி பறித்திருக்கும். அமிலமோ உப்புநீரோ தடவி வரவழைத்த துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மேலாகப் படிந்திருக்கும். நானும் மணிலாவில் ஒரு கடையில் இப்படி வாங்கியிருக்கிறேன். எண்ணெய்த் துணியால் துடைத்தேன். பத்தே நிமிடத்தில் துரு மொத்தமும் துணிக்கு வந்துவிட்டது. அடியில் புதுத் தகடு, அதில் மெஷின் தேய்த்த கோடுகள். நம்பி வாங்கினோமே என்று பல நாள் வலித்தது. நீங்கள் துடைக்காதீர்கள். வந்த நிலையிலேயே படம் எடுத்து, விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்று இன்றே புகார் கொடுங்கள்.

கேள்வி: கிரைண்டரில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். இனி நல்ல விலை போகுமா?

பதில்: போகாது.

கேள்வி: வீட்டிலேயே துருவை எடுப்பது எப்படி?

பதில்: மேலே கேட்டவர் இதை முதலில் கேட்டிருக்கலாம். கிரைண்டர், உப்புத்தாள், கம்பி பிரஷ், கழிவறை ஆசிட் நான்கும் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் யாராவது ஒருவர் தேய்த்து முடித்துவிட்டுத்தான் கடிதம் போடுகிறார். கொல்லர் அடித்த தடங்களும் காலம் ஏற்றிய கருப்பும் மேல்பரப்பில்தான் இருக்கின்றன. அதைத் தேய்த்து எடுத்தபின் எந்தக் காசு கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியை அலகில் மட்டும் ஒரு இரவு சுற்றி வையுங்கள். அப்புறம் செப்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மென்மை, கீறாது. மிச்சத்துக்கு 0000 எண் ஸ்டீல் உல்லை (மிக மெல்லிய இரும்பு நார்) எண்ணெயில் தொட்டுத் தடவினால் போதும். கருப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிடியை வெந்நீரில் போடாதீர்கள். உள்ளே பிசின்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சூட்டில் இளகிக் கழன்றுவிடும். கடைசியாக மெல்லிய மெழுகுப் பூச்சு. உறைக்குள் ஈரம் தங்கும், வெளியே வையுங்கள்.

கேள்வி: படிப்பு முடிந்து ஊருக்குக் கொண்டுவரலாமா? (மீண்டும் டாவோ)

பதில்: கைப்பையில் முடியவே முடியாது. பழையது என்று உறுதியானால், பண்பாட்டுச் சொத்துகளை வெளியே கொண்டுபோக பிலிப்பைன்ஸின் 2009 பாரம்பரியச் சட்டப்படி அனுமதி வேண்டும். அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் கேளுங்கள். இந்தியாவில் குத்துவாளும் ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. டிக்கெட் போடும் முன்பே சுங்கத்துறைக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.