கங்காரு கோர்ட் என்றால் என்ன? மலையிலிருந்து வந்த கேள்விகள்

நம் குழுவில் போன வாரம் யாரோ ‘கங்காரு கோர்ட்’ என்று எழுதப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. நீலகிரியில் வக்கீல் தொழில் செய்கிறவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில்.

குன்னூர் கல்லூரி மாணவி: சார், இது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சொல்லா?

இல்லைம்மா, அமெரிக்கச் சரக்கு. தீர்ப்பை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, ஒப்புக்கு விசாரணை நடத்துகிற கூட்டத்துக்கு அந்தப் பெயர். கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்கள் அடுத்தவன் நிலத்தைத் தாவிப் பிடித்த தகராறில் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அங்கே தங்கம் கிடைத்ததே 1848இல்தான். சொல்லோ 1841இலேயே அச்சில் வந்துவிட்டது. கதையை விட்டுவிடுங்கள்.

கூடலூர் வாசகர்: நம்ம கட்டப் பஞ்சாயத்துதானே இது?

பெரும்பாலும் அதுதான். 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘கட்டப் பஞ்சாயத்து’ என்று நம் சொல்லையே தீர்ப்பில் போட்டு, அது முழுக்கச் சட்டவிரோதம் என்றது. ஆனால் ஆங்கிலச் சொல் இன்னும் அகலமானது. ஆபீஸ், ஹாஸ்டல், டிவி விவாதம் எதையும் அப்படித் திட்டலாம். 2022 ஜூலையில் ராஞ்சியில் பேசிய அன்றைய தலைமை நீதிபதி ரமணா, ஊடகங்கள் கங்காரு கோர்ட் நடத்துகின்றன என்று வருத்தப்பட்டார்.

கோத்தகிரி பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படுகர் ஊர்): அப்போ எங்கள் ஊர்க்கூட்டமும் கங்காரு கோர்ட்டா?

கோபம் வேண்டாம் ஐயா. வரப்புத் தகராறை இரு தரப்பும் மனசொப்பி ஊர்ப் பெரியவர்கள் முன் பேசி முடித்தால் அது சமரசம். ஒரு குடும்பத்தைக் கூப்பிடாமலே தள்ளிவைத்து அபராதம் போட்டால், எந்த ஊரானாலும் அந்தப் பெயர் பொருந்தும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளி: இலைச் சாக்கில் கல் போட்டு எடை கூட்டினேன் என்று எனக்கு சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்). புகார் கொடுத்த சூப்பர்வைசரே என்கொயரி ஆபீசர். நான் எழுதிக் கொடுத்த பதிலை வாங்கவில்லை. வெறும் தாளில் கையெழுத்து கேட்கிறார்.

அண்ணே, கையெழுத்து போடாதீர்கள். முதல் வேலை அது.

இயற்கை நீதி என்று சட்டத்தில் சொல்வதற்கு அடிப்படை இரண்டே விதிதான்: தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது, எதிர்த்தரப்பைக் கேட்காமல் முடிவு எடுக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் இரண்டும் போய்விட்டன. அதே பதிலை நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வேறு ஆபீசர் வேண்டும், உதவிக்குச் சக தொழிலாளி ஒருவர் உடன் இருக்க வேண்டும், அன்றைய எடைச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள்.

ஆனால் கடிதத்தில் ‘கங்காரு கோர்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். டீக்கடையில் சொல்ல அருமையான வசவு. மனுவில் அதற்கு ஒரு பைசா மதிப்பில்லை. ‘புகார்தாரரே விசாரிக்கிறார், இன்ன தேதியில் என் பதிலை வாங்க மறுத்தார்’ என்று எழுதினால்தான் எதிர்த்தரப்பு பதில் சொல்லியாக வேண்டும்.

அவரே மறுபடியும்: வக்கீல் வைக்கக் காசில்லையே?

1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி ஆலை, தோட்டத் தொழிலாளிகளுக்கு வக்கீல் இலவசம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் அப்படியே. வருமானம் பார்க்க மாட்டார்கள். 15100க்குப் போன் போடுங்கள், இல்லை ஊட்டி கோர்ட்டில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். சார்ஜ் மெமோவை மறக்காமல் எடுத்துப் போங்கள்.