ஒரு ஓட்டால் டெல்லியில் என்ன மாறும்? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு பதில்

"மக்களவைத் தேர்தலில் ஒரு தொகுதிக்கே பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுகிறது. அதில் என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது? இளைஞர்கள் எதற்காக வரிசையில் நிற்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் ராமநாதபுரம் தொகுதியில் ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ் கனி ஜெயித்தார். பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தைவிட அவர் 1,66,000க்கும் அதிகமான ஓட்டு கூடுதலாக வாங்கினார். மக்களவைக்கு நான் முதல் தடவையாக ஓட்டுப் போட்ட தேர்தல் அதுதான். நான் வீட்டிலேயே இருந்திருந்தாலும் முடிவு அப்படியேதான் வந்திருக்கும். ஆகவே ஒரு ஓட்டு நாட்டின் தலையெழுத்தை மாற்றும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனாலும் அடுத்த தடவையும் கட்டாயம் போடுவேன். அதற்கான காரணம் எங்கள் ஊர் நிலவரத்தில் இருக்கிறது.

எனக்கு மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா கடற்பாசி எடுக்கப் போவார். நான் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, திருத்த, முகவரி மாற்ற வருகிறவர்களைத் தினமும் பார்ப்பதால் இந்த விஷயம் எனக்கு நெருக்கமானது.

பஞ்சாயத்துத் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும்தான் நமக்கு முக்கியம், டெல்லித் தேர்தல் யாருக்கோ நடப்பது என்று எங்கள் பக்கத்திலும் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. அரசமைப்பின் 7ஆவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டிய மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அண்டை நாட்டோடு பேசுவது முழுக்க ஒன்றிய அரசின் வேலை. கச்சத்தீவு இலங்கைக்குப் போனது 1974இல் டெல்லியும் கொழும்பும் போட்ட ஒப்பந்தத்தால். அதை மீட்கக் கோரி 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட மட்டும்தான் சென்னையால் முடியும். படகையும் ஆளையும் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் பேச வேண்டியவர்களும் டெல்லியில்தான் இருக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. 2001இல் கடல் அட்டை என்ற கடலடி உயிரினத்தைப் பிடிக்கத் தடை வந்தபோது அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் தொழில் இல்லாமல் போனது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு எடுத்த முடிவு அது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆனதும் அதே சட்டத்தின் கீழ்தான். அம்மாவோடு பாசி எடுக்கப் போகும் பெண்கள் இன்றைக்கும் தீவுப் பக்கம் போகப் பயப்படுவது அதனால்தான். கடலில் அட்டையும் பவளப்பாறையும் பிழைக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பாசி எடுக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்த விதிகளை எழுதியிருக்கலாம். 2017இல் வந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டமும் அப்படித்தான். வலையை இழுத்துக்கொண்டே மீன் பிடிக்கும் இழுவைமடிப் படகை விட்டுவிட்டு, சுமார் 80 லட்சம் ரூபாய் ஆழ்கடல் படகுக்கு மாறுங்கள், பாதிப் பணத்தை ஒன்றிய அரசு தரும் என்றார்கள். பாக் நீரிணையில் பழகியவர்கள், வாரக்கணக்கில் கடலில் தங்கித் தூண்டில் போடும் தொழிலுக்கு மாற என்னென்ன வேண்டும் என்று மக்களவையில் எழுந்து கேட்க வேண்டியவர் எங்கள் எம்.பி.தான்.

ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் எங்கள் தெருவில் என்ன கேட்கிறோம்? குடிதண்ணீர், சாலை, தெருவிளக்கு. ராமநாதபுரத்தில் தண்ணீர் கேட்பதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது, இங்கே குடத்தோடு அலைந்தவர்களுக்கு அது தெரியும். இருந்தாலும் அதைக் கேட்க வேறு தேர்தல்கள் இருக்கின்றன. எல்லை, கைது, படகு, டீசல், மீன் ஏற்றுமதி, இதையெல்லாம் கேட்க ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு வருகிறது.

சரி, ஒற்றை ஓட்டுக்கு வருகிறேன். தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று ஒரு முடிவுத்தாள் வெளியாகும். எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று பூத் வாரியாக அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்சிக்காரர்கள் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு அடுத்த தேர்தலுக்குத் திட்டம் போடுகிறார்கள். தொகுதி முழுக்க எடுத்துக்கொண்டால் என் ஓட்டு ஒன்றுமே இல்லை. ஆனால் ஆயிரம் பேர்கூட இல்லாத எங்கள் பூத்தில் ஐம்பது இளைஞர்கள் வராமல் இருந்தால் அந்தத் தாளில் தெரியும், ஐம்பது பேர் புதிதாக வந்தாலும் தெரியும். ஓட்டு விழாத தெருவுக்குள் எந்த வேட்பாளரின் ஜீப்பும் நுழையாது. ஜெயிப்பது யாராக இருந்தாலும், இந்தக் கடற்கரையில் இத்தனை பேர் இருக்கிறோம் என்று அந்தத் தாளில் பதிய வேண்டும். நான் ஓட்டுப் போடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இதே தாளால் ஒரு கெடுதலும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பூத் சின்னது என்றால் அந்த ஊர் யாருக்குப் போட்டது என்பது வெளியே தெரிந்துவிடும். "உங்க ஊரு எங்களுக்குப் போடலையே" என்ற பேச்சு பிறகு சலுகைப் பட்டியல் எழுதும்போது வரும் என்ற பயம் மீனவக் கிராமங்களில் இருக்கிறது. பல பூத்துகளின் ஓட்டைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் அதைப் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. வந்தால் நான் சொன்ன முதல் காரணம் கொஞ்சம் பலவீனமாகும்தான், ஆனாலும் ரகசியம்தான் முக்கியம். எத்தனை பேர் ஓட்டுப் போட்டோம் என்ற கணக்கு மட்டும் பூத் வாரியாக வெளியே தெரிந்தால் போதும்.

அடுத்தது, ஓட்டு இருந்தும் போட முடியாதவர்கள். இதைப் பற்றி உள்ளூரில்கூட அதிகம் பேசுவதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் 2014இல் ஏப்ரல் 24, 2019இல் ஏப்ரல் 18, 2024இல் ஏப்ரல் 19. மூன்றுமே தடைக்காலத்துக்குள் வந்தன. விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், எல்லோரும் ஊரில் இருப்பார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். நடப்பது வேறு. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. அதனால் இங்கே தடை விழுந்ததும் கூலிக்குப் போகிற பையன்கள் கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான், மங்களூரில் ஒரு படகில் இருக்கிறார். வாக்குப்பதிவு அன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. பிடித்த மீனுக்குத் தக்கபடி பங்கு வாங்குகிறவருக்கு அந்த விடுமுறையை யார் தருவார்கள்? கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கு கிடையாது. அண்ணன் ஊருக்கு வந்து போனால் ரயில் செலவோடு பல நாள் வருமானமும் போகும். 2024இல் அவர் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கீழக்கரையில் வீட்டுக்கு ஒரு சபுராளி இருப்பார். துபாய், சவூதி, மலேசியா என்று எங்காவது பிழைக்கப் போனவர். அவர்களும் பட்டியலில் சேரலாம் என்று 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. படிவம் 6ஏ போட்டால் பெயர் வரும். ஆனால் ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு ஊருக்கே வந்து வரிசையில் நிற்க வேண்டும். விமான டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவருக்கோ எந்த வழியும் கிடையாது. எல்லை தாண்டிய பிரச்சினையில் முதலில் அடிபடுகிறவர் அவர்தான், அந்த நேரம் தேர்தல் வந்தால் அவர் ஓட்டு விழாது.

ஊரில் இல்லாததால் பெயரே போகிற ஆபத்தும் இருக்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு, அவற்றை நீக்கியது சரிதான். இடம் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. படிவம் வரும்போது வீட்டில் இருந்து கையெழுத்துப் போட ஒருவர் இருந்தால் பெயர் தங்கும். குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீட்டின் பெயர்களை யார் காப்பாற்றுவது? அந்த மாதங்களில் எங்கள் மையத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்து வீட்டுக்காக விசாரிக்க வந்தவர்கள். "தம்பி பேரு இருக்கா பாரு தாயி" என்று ஒரு அப்பத்தா கேட்டுக்கொண்டே நின்றார். ஊரே இப்படி ஒருவர் பெயரை ஒருவர் தேடியதைப் பார்த்தபோதுதான், இந்த உரிமையை எங்கள் மக்கள் எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வந்த ஒருத்தி பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அவளும் இங்கேதான் பிறந்தாள். 18 வயது ஆனதும் பட்டியலில் பெயர் சேர்க்க நான் படிவம் 6 நிரப்பினேன், அவளால் முடியவில்லை. பெற்றோர் இருவரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள், அவளுக்குக் குடியுரிமை இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அந்த விதியைக் காட்டி, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் பாஸ்போர்ட் பெற உத்தரவு வாங்கினார். 2024 ஏப்ரல் 19 அன்று முதல் முறையாக ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்த என் தோழிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைப் பற்றியது, இலங்கைத் தமிழரை அது சேர்க்கவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்க்கிறவளுக்கு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை மாற்றவும் நாடாளுமன்றத்தால்தான் முடியும். அவளுக்காகக் கேட்கக்கூடியவர்கள் ஓட்டு இருக்கிற நாங்கள்தான்.

எங்கள் அப்பா முதல் ஓட்டுப் போட்டது 1989இல். அதே வருடம் மார்ச்சில்தான் 61ஆவது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்து ஓட்டுப் போடும் வயது 21இலிருந்து 18 ஆனது. அப்போது அவருக்கு 19 வயது. "எங்கள எல்லாம் சின்னப் பயலுகன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, திடீர்னு வீடு தேடி வந்து அண்ணேன்னு கூப்பிட்டாங்க" என்று அதைப் பெருமையாகச் சொல்வார். இப்போது 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ஆம் தேதிகளில் எதற்கு 18 நிறைகிறதோ அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் அந்த வயது என்றால் தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போடுங்கள்.

"உங்கள் அண்ணன் முகவரி மாற்றும் படிவம் 8 போட்டு ஓட்டை மங்களூருக்கே மாற்றிக்கொள்ளலாமே" என்று நீங்கள் கேட்கலாம். சில மாதம் மட்டும் இருக்கிற ஊரில், படகிலேயே படுத்துத் தூங்குகிறவர் எந்த முகவரியைக் காட்டுவார்? அவருடைய குடும்பமும் கடலும் இங்கே இருக்கின்றன, அவர் கேள்வி கேட்க வேண்டிய எம்.பி. ராமநாதபுரத்து எம்.பி. ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மின்னணு முறையில் தபால் ஓட்டு போகிறது. 2024இல் 85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினார்கள், எங்கள் தெருவில் ஒரு பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே போட்டார். வெளியூரில் வேலை பார்ப்பவருக்கும் வழி யோசித்தார்கள். ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளின் ஓட்டைப் பதிய முடியும் என்று தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது. பல கட்சிகள் எதிர்த்தன. வேற்று மாநிலத்தில் பூத் ஏஜென்ட் யார் உட்காருவார், வெளியூரில் இருப்பவர் யார் என்று எப்படி முடிவு செய்வது என்ற கேள்விகள் நியாயமானவை. ஆனால் அதோடு பேச்சே நின்றுபோனது நியாயமில்லை. அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு எங்கள் தெருவுக்குள் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரையும் நிறுத்தி, மங்களூரில் இருக்கிற என் அண்ணன் எப்படி ஓட்டுப் போடுவார் என்று கேட்கப்போகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் நீங்களும் கேளுங்கள்.