எண்ணெய் புகட்டிய பிறகு மாடு இருமுகிறது

கேள்வி: வயிறு உப்பியதால் கறவை மாட்டுக்கு நல்லெண்ணெய் புகட்டினோம். உப்புசம் இறங்கிவிட்டது. ஆனால் 3 நாளாக இருமல், மூக்கில் சளி, தீனியும் எடுக்கவில்லை. மிளகுக் கஷாயம் கொடுக்கலாமா?

பதில்: கஷாயம் வேண்டாம். வாய் வழியாக இனி எதையும் ஊற்றாதீர்கள். புகட்டும்போது நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாந்து தூக்கியிருப்பீர்கள், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நாக்கு பிடிபட்டிருந்தால் மாட்டால் விழுங்க முடியாது, எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், தண்ணீரைப் போல அது லேசில் வெளியேறாது, அங்கேயே தங்கி நிமோனியாவாக மாறும்.

விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன், மாடு சும்மா நிற்கும்போது விலாவைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 30க்குள் இருந்தால் பரவாயில்லை, 40ஐத் தாண்டினாலோ, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ ஆபத்து. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 103 டிகிரிக்கு மேல் என்றால் காய்ச்சல். மூச்சுக்காற்றில் அழுகல் வாடை அடித்தால் நுரையீரல் அழுக ஆரம்பித்துவிட்டது, அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். தொண்டைக்குக் கீழே சூடாக வீங்கியிருந்தால் அது தொண்டை அடைப்பான் என்ற தொற்றுநோயாக இருக்கலாம், அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

எதுவானாலும் இன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள், 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம். எண்ணெய் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் ஊசியை முடிவு செய்வார். ஒரு ஊசியில் தெளிந்தது மாதிரி தெரிந்தாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். மழைக்கு முன் போடும் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டிருந்தாலும் இந்த நிமோனியாவை அது தடுக்காது.

கொட்டகையில் மாட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து நின்று பாருங்கள். மூத்திர நெடியில் உங்கள் கண் எரிந்தால் அதன் நுரையீரலும் எரியும், அதனால் தரையைக் கழுவிக் காயவிட்டு, காற்றோட்டமான இடத்தில் கட்டுங்கள். தண்ணீரும் பசுந்தீவனமும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்த முறை மருந்தை வெல்லத்தோடு உருட்டிக் கொடுங்கள். புகட்டியே ஆக வேண்டுமென்றால் தாடை தரைக்குச் சமமாக இருக்கட்டும், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கியதும் அடுத்தது. இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். ஊசி போடும் நாட்களிலும் அதன் பிறகு சில நாட்களுக்கும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம், எத்தனை நாள் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.